செத்தவர் எந்தச் சபை?

மலர்ச்சாலை வைத்துப் பிழைக்கிறவனுக்குப் பிணத்தால் தொல்லை கிடையாது. "இவர் எங்க ஆளு" என்று சொல்லிக்கொண்டு பின்னாலேயே வருகிற சபைகளால்தான் தொல்லை.

ஹட்டன் டவுனில் இருக்கிறது என் கடை. பெட்டி, எம்பாமிங், வண்டி, கூடாரம், கதிரை எல்லாம் கொடுக்கிறோம். லிந்துலை, அக்கரப்பத்தனை, இந்தப் பக்கம் கினிகத்தேனை வரைக்கும் வண்டி போகும். பெட்டிகள் எல்லாம் ஒரே பலகையில் ஒரே ஆசாரி அடித்தவை. மூடிக்கு மேலே திருகுகிற சின்னம் மட்டும்தான் ஆளுக்கு ஆள் மாறும். யேசு உள்ள சிலுவை, யேசு இல்லாத சிலுவை, ஓம், சூலம், தர்மச்சக்கரம் என்று மேசையின் இழுப்பு லாச்சி நிறைய வைத்திருக்கிறேன். அப்பா திருநீறு பூசினவர். அம்மா ஜெபமாலை உருட்டினவர். மனைவி வீட்டார் புதுச் சபைக்காரர்கள். அதனால் நீங்கள் எந்த மதம் என்று யாராவது என்னைக் கேட்டால், நான் வியாபாரி என்று சொல்லிவிடுவேன்.

நீங்களும் இந்த மலையில் குடியிருப்பவர் என்றால் என் கஷ்டம் உங்களுக்குப் புதிதல்ல. வரிசையாக ஒட்டிக் கட்டிய தோட்டத்து வீடுகள், அந்த ஒரு லயத்துக்குள்ளேயே நாலு சபை. எதிரே வருகிறவரிடம் வணக்கம் சொல்வதா, ஸ்தோத்திரம் சொல்வதா, இயேசுவுக்கே புகழ் என்பதா என்று அவர் வீட்டுக் கதவில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நினைவுபடுத்திப் பார்த்துத்தான் வாயைத் திறக்க வேண்டும். உயிரோடு இருக்கிறவரிடம் தப்பாகச் சொல்லிவிட்டால் முறைப்பதோடு போய்விடும். நான் தப்புப் பண்ணினால் பெட்டி நடு ரோட்டில் நிற்கும். நின்றும் இருக்கிறது.

எழும்பின யேசு

லிந்துலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் சவரிமுத்து என்று ஒரு பெரியவர். தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்து ஓய்ந்தவர், கத்தோலிக்கர். மூத்த மகன் மரியதாஸ் அப்பா போன கோயிலுக்கே போனார். இளையவர் அந்தோனி கொழும்புக்கு வேலைக்குப் போன இடத்தில் ஒரு சபையில் முழுக்கு எடுத்து, ஆப்ரகாம் என்ற பெயரோடு திரும்பி வந்தார். பெரியவர் இறந்ததும் மரியதாஸ் வந்து யேசு உள்ள சிலுவை வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் அதையே திருகிக் கொண்டுபோய் இறக்கினேன்.

மூடியைப் பார்த்த ஆப்ரகாமின் முகம் மாறிவிட்டது. தன்னுடைய யேசு எப்போதோ எழும்பிவிட்டார், இன்னும் அவரை ஆணியில் தொங்கவிட்டு வைத்திருப்பது அவிசுவாசம், போதாததற்கு அது சிலை வணக்கம் என்று எனக்கே ஒரு பிரசங்கம் வைத்தார். மரியதாஸ் விடவில்லை. அப்பா கண் மூடும் வரை பார்த்துக்கொண்டு கிடந்தது இந்த யேசுவைத்தான் என்றார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், சிலுவை இருக்கட்டும், உருவத்தை மட்டும் கழற்றிவிடலாமா என்று நான் கேட்டுத் தொலைத்தேன். குறட்டால் யேசுவைப் பிடுங்குவதா என்று மரியதாஸ் அழவே தொடங்கிவிட்டார். அதன் பிறகு, அண்ணன் குளிக்கப் போனால் தம்பி அதைக் கழற்றி என் வண்டியில் இருந்த வெறும் சிலுவையை மாட்டுவதும், தம்பி தேத்தண்ணி குடிக்கப் போனால் அண்ணன் மறுபடி மாற்றுவதுமாக மூடி முழுக்கச் கறையான் அரித்த மாதிரி ஓட்டை. செத்தவர் உள்ளே தனியாகக் கிடந்தார். மகன்கள் இருவரும் தூறலில் சுவரோடு சாத்திய மூடிக்குக் காவல் நின்றார்கள்.

சுவாமியார் வரும் நேரம் அவர்களின் தங்கை ரோசலின் வெளியே வந்தார். கல்யாணம் கட்டாமல் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தவர். மூடியைப் பார்த்தார், அண்ணன்மார் இருவரையும் பார்த்தார். உள்ளே போய் அப்பா போர்த்திக்கொண்டிருந்த கம்பளியைக் கொண்டுவந்து மூடிக்கு மேலே விரித்தார். சின்னம் ஒன்றும் வேண்டாம், இப்படியே தூக்கச் சொல்லுங்கள் என்றார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள். ரோசலின் சத்தம் போடவில்லை.

"படுக்கையில கெடந்த காலம் பூரா அப்பாவை நாந்தான் தூக்கி உக்கார வச்சேன். உங்க ரெண்டு யேசுல ஒருத்தர்கூட வந்து ஒரு பக்கம் புடிக்கல."

மூக்குத்தி

அக்கரப்பத்தனையிலிருந்து பாக்கியம் என்ற பெண்ணின் உடலை எம்பாம் பண்ணக் கொண்டுவந்தார்கள். கணவர் ராமையா கோயிலுக்குப் போகிறவர். பாக்கியம் மட்டும் கொஞ்சக் காலமாக ஒரு ஜெபக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். அந்தச் சபையில் பெண்கள் பூ, பொட்டு, வளையல், தோடு எதுவும் போடக்கூடாது. எல்லாவற்றையும் விட்ட பாக்கியம் மூக்குத்தியை மட்டும் விடவில்லை. உயிரோடு இருந்தவரைக்கும் பாஸ்டர் அதைக் கண்டும் காணாமல் இருந்திருக்கிறார். ஆள் வாய் பேச முடியாமல் ஆனதும் அவருக்குத் தைரியம் வந்துவிட்டது. ஆபரணத்தோடு ஜெபம் பண்ணி அனுப்ப முடியாது, கழற்றுங்கள் என்று என் கடை வாசலில் வந்து நின்றார்.

மூக்குத்தி சதையோடு ஒட்டிப்போயிருக்கிறது, வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்று விளக்கினேன். அப்படியென்றால் வெட்டுங்கள் என்றார். சொன்னவர் கையில் தங்க நிறத்தில் அகலமாக ஒரு கடிகாரம். அது ஆபரணத்தில் சேராதாம், நேரம் பார்க்கிற சாமானாம். அதுவரை வெளி வாங்கில் உட்கார்ந்திருந்த ராமையா எழும்பி உள்ளே வந்தார். மனைவியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பாஸ்டருக்கு மரியாதையாக வழிவிட்டு, ஒரு பக்கமாக ஒதுங்கிச் சொன்னார்:

"கல்யாணம் கட்டுன நாள்ல இருந்து நான் சொன்ன ஒண்ணையும் இவ கேட்டதில்ல. நீங்க சொன்னா கழட்டிருவாளான்னு கேட்டுப் பாருங்க, பாஸ்டர் ஐயா."

எழுப்ப வந்தவர்

மாணிக்கம் என்ற தொழிலாளி மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்துபோனார். மனைவி சரஸ்வதி போய்வந்த சபைக்கு ஓர் இளம் பாஸ்டர். அவருக்கு அந்த நேரம் பெரிய நெருக்கடி. மேல் டிவிஷனில் புதிதாகத் தொடங்கிய இன்னொரு சபையில் ஒரு முடவர் நடந்துவிட்டதாகப் பேச்சு. இவருடைய ஆட்கள் ஒவ்வொருவராக மேலே ஏறிக்கொண்டிருந்தார்கள். முடவனை நடக்க வைத்தவரை ஜெயிக்க வேண்டும் என்றால் அதற்கு மேல் என்ன இருக்கிறது? நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நான் வண்டியோடு போனபோது பாஸ்டர் என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார். மருந்து ஏற்றக்கூடாது, ஆவியானவர் வேலை செய்யப் போகிறார், மாணிக்கம் எழும்புவார் என்றார். ஸ்டாண்டில் ஃபோனை மாட்டி, ஃபேஸ்புக்கில் நேரடியாகக் காட்டத் தொடங்கினார். மாணிக்கத்தின் தலைமாட்டில் நின்றுகொண்டு பெயர் சொல்லிக் கூப்பிட்டார். முதலில் அன்பாக. பிறகு அதட்டி. பிறகு தோட்டத்துத் தொரை தோற்றுப்போகும் குரலில் கட்டளையாக. சுற்றி நின்றவர்கள் கைகளைத் தூக்கிக்கொண்டு அன்னிய பாஷையில் பேசினார்கள். கால் விரல் அசைந்தது என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் முன்னால் தள்ள, மாணிக்கம் கிடந்த கட்டிலே அசைந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவர்கள் குடியிருந்த லயத்துக் காம்பராவுக்குத் தகரக் கூரை. என் தொழிலில் இருப்பவனுக்கு மூக்கு முதலில் சொல்லிவிடும். நான் இரண்டு முறை உள்ளே போய் நேரம் கடத்தாதீர்கள் என்று கெஞ்சினேன். அவிசுவாசி நிற்பதால்தான் தாமதம் ஆகிறது என்று பாஸ்டர் என்னை ஃபோனுக்கே காட்டினார். ஊர் உலகமெல்லாம் என்னைப் பார்த்தது.

சரஸ்வதி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்திருந்தார். அழுது ஓய்ந்த முகம். தோட்டத்தில் விடிகிற நேரம் ஆட்களைக் கூப்பிட்டு நிறுத்தி வேலை பிரிப்பார்களே, அந்தப் பெரட்டுக்குப் பிந்திப் போனால் அன்றைக்கு வேலை இல்லை. அதற்காகவே சரஸ்வதி மாணிக்கத்தை அடித்து எழுப்பி அனுப்புவாராம். பாஸ்டர் மறுபடி ஒரு முறை "மாணிக்கமே, எழுந்து வா" என்று குரலை உயர்த்தியபோது சரஸ்வதி கை நீட்டி அவருடைய சட்டை நுனியைப் பிடித்தார்.

"தெனமும் விடியக்காலையில பெரட்டுக்கு இவரை எழுப்புனது நாந்தான் ஐயா. எழும்பவே மனசு வராது அவருக்கு. இன்னைக்காவது தூங்கட்டும், விட்டுருங்க."

பக்கத்துக் கடை

எனக்குப் பக்கத்துக் கடை ஹாஜியாருடையது. துணி வியாபாரம். அவர்கள் பெட்டி வைத்து அடக்குவதில்லை, அதனால் அவர் எனக்குச் சிநேகிதர் மட்டும்தான், வாடிக்கையாளர் இல்லை. மாணிக்கம் வீட்டு விஷயத்தை அவரிடம் சொல்லிப் புலம்பினேன். எங்களிடம் மட்டும்தான் இப்படி, உங்களிடம் எல்லாம் ஒழுங்கு என்று நான் சொன்னதும் ஹாஜியார் துணி மடிப்பதை நிறுத்தினார். ஒரே வீட்டில் இருக்கும் அவருடைய இரண்டு மகன்களில் ஒருவர் வெளிநாட்டுப் பிறையைப் பார்த்துப் பெருநாள் எடுத்தார், மற்றவர் உள்ளூர்ப் பிறைக்குக் காத்திருந்தார் என்றார். மூத்தவன் பிரியாணி தின்றுகொண்டிருக்கும்போது இளையவன் எதிரே நோன்போடு உட்கார்ந்து அண்ணனுக்காகத் துஆ கேட்டானாம். சொல்லிவிட்டு மறுபடி துணியை எடுத்து மடித்தார்.

"எங்கள்லயும் எல்லாம் இருக்கு தம்பி. எங்க சண்டையில உங்களுக்கு யாவாரம் இல்ல, அவ்வளவுதான்."

நெத்தி போதவில்லை

கினிகத்தேனையில் பலசரக்குக் கடை வைத்திருந்த ரெங்கசாமி இறந்தார். அவருடைய பரம்பரை நாமம் போடுகிறவர்கள். பெண் எடுத்தது திருநீறு பூசுகிற குடும்பத்தில். ஒரே மகன் விஜயன் ஒரு குருவின் பஜனைக் கூட்டத்தில் சேர்ந்து வெள்ளை உடுப்புக்கு மாறியவன். ரெங்கசாமி உயிரோடு இருந்தவரைக்கும் காலையில் முகம் கழுவிவிட்டு நேரே கடையைத் திறப்பார். சாமி விஷயத்தில் அவர் யாரோடும் வாதாடி யாரும் பார்த்ததில்லை.

முகத்தைத் தயார் பண்ணுவது என் ஆள் மூர்த்தி. அவன் பவுடர் போட்டு முடித்ததும் ரெங்கசாமியின் அண்ணன் வந்து நாமக்கட்டியால் நெற்றியில் நீளமாக இழுத்தார். அவர் வெளியே போனதும் மச்சினன்மார் இரண்டு பேர் வந்து அதைத் துடைத்து மூன்று கோடாகத் திருநீறு பூசினார்கள். அவர்கள் போனதும் விஜயன் வந்து இரண்டும் அஞ்ஞானம் என்று துடைத்துவிட்டுச் சந்தனம் மட்டும் வைத்தான். தப்பு மேளம் அடிக்கக்கூடாது, குருவின் பஜனை ஓடும் என்று ஸ்பீக்கரையும் கொண்டுவந்து வைத்தான். அண்ணன் திரும்பி வந்தார். மச்சினன்மாரும் திரும்பி வந்தார்கள். ஒவ்வொரு துடைப்புக்கும் மூர்த்தி புதிதாகப் பவுடர் போட்டான். வெள்ளை, சிவப்பு, சாம்பல், மஞ்சள் எல்லாம் கலந்து வழிந்து, கடைசியில் அந்த முகம் யாருடையது என்றே தெரியாமல் போயிற்று. பெட்டியை மூடுமுன் கடைசியாகப் பார்க்க மனைவியைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார்கள். அந்த அம்மா குனிந்து பார்த்துவிட்டு, அவர் எங்கே என்று என்னைக் கேட்டார். மூர்த்தியின் கையிலிருந்த ஈரத் துணியை வாங்கி அவரே நெற்றியை மெல்லத் துடைத்தார். வெறும் நெற்றியோடு ரெங்கசாமி தெரிந்தார். அந்த அம்மா அப்போதுதான் அழுதார். அவருக்கு முன்னால் வந்து இன்னொரு தடவை பூச மூன்று கட்சியில் ஒருவருக்கும் துணிவு வரவில்லை.

திரும்பி வரும்போது வண்டியில் மூர்த்தி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். வட்டவளை தாண்டியதும் விரலில் ஒட்டியிருந்த நாமக்கட்டியைச் சுரண்டிக்கொண்டு சொன்னான்:

"முதலாளி, இனிமே நெத்தி அகலமா உள்ளவங்க சாவா பார்த்து எடுப்போம்."

பலகைச் சுவர்

இது என் சொந்தக்காரர் விஷயம். என் மனைவியின் அண்ணன் ஸ்டீபன் ஒரு பாஸ்டர். அவரும் தேவராஜ் என்ற இன்னொரு பாஸ்டரும் சேர்ந்து டவுனுக்கு வெளியே ஒரு சரிவில் தகரக் கூரை போட்டு ஜெபக்கூடம் கட்டினார்கள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஞானஸ்நானம் கொடுக்கும்போது பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூன்றையும் சொல்லி முக்குவதா, யேசுவின் பெயரை மட்டும் சொல்லி முக்குவதா என்று ஒரு நாள் பேச்சு வந்தது. அதிலிருந்து இருவரும் முகம் பார்ப்பதில்லை. கட்டடத்தை விட்டுப் போகவும் இருவருக்கும் மனசில்லை. பிரசங்க மேடையிலிருந்து வாசல் வரைக்கும் நடுவே பலகை அடித்து, இந்தப் பக்கம் ஒரு சபை, அந்தப் பக்கம் ஒரு சபை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மைக்கைப் பிடிப்பார்கள். ரோட்டில் போகிறவர்களுக்கு ஒன்றும் விளங்காது. உள்ளே இருக்கிறவர்களுக்கு விளங்கியதா என்று நான் கேட்டதில்லை.

லில்லி டீச்சர் என்று அந்தப் பக்கத்துச் சின்னப் பிள்ளைகளுக்கெல்லாம் படிப்புச் சொல்லிக்கொடுத்தவர் இறந்தார். கணவர் ஸ்டீபன் பக்கம், கூடப்பிறந்த அக்கா தேவராஜ் பக்கம். பெட்டியை ஜெபக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம். வாசலுக்கு நேர் நடுவில் பலகைச் சுவர் நிற்கிறது. இந்தப் பாதியிலும் பெட்டி நுழையாது, அந்தப் பாதியிலும் நுழையாது. ஒரு ஆள் போகலாம், அதுவும் ஒருக்களித்து. பெட்டியைச் சரித்துப் பார்க்கலாம் என்று ஒருவர் சொன்னார். உள்ளே டீச்சர் சரிவார், அது நடக்காது என்று நான் மறுத்துவிட்டேன். லில்லி டீச்சரின் கணவர் மழையில் நனைந்துகொண்டு பெட்டியின் கைப்பிடியை விடாமல் நின்றார். யாரும் யாரையும் கேட்காமல் அந்தப் பக்கத்து ஆட்களும் இந்தப் பக்கத்து ஆட்களும் பலகைகளைக் கழற்றத் தொடங்கினார்கள்.

பெட்டி உள்ளே போனது. ஒரே கூரையின் கீழே எல்லோரும் உட்கார்ந்தார்கள். நெடுநாளாகப் பேசாத பெண்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். பாட்டுத் தொடங்கினால், இரண்டு சபைக்கும் அதே பாட்டு, அதே ராகம். ஒரு சாவு செய்ததை ஒரு பைபிள் செய்யவில்லையே என்று நினைத்துக்கொண்டு நின்றேன். ஸ்டீபன் மச்சான் கண்ணைத் துடைத்தபடி என்னைக் கையசைத்து ஓரமாகக் கூப்பிட்டார். அவரும் மனம் மாறிவிட்டார் என்று நம்பிப் பக்கத்தில் போனேன். காதோடு வாயை வைத்தார்.

"பெட்டி வெளியே போனதும் உங்க ஆளை விட்டுப் பலகையை அடிச்சிருங்க மச்சான். சனம் கலந்துரப் போகுது."

மூன்று கேட்

இதைச் சொல்லாமல் விட்டால் மற்றது எல்லாம் சொல்லிப் பயனில்லை.

ஞானம்மா தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர். தோட்டத்து மேட்டில் வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய கல் கோயிலில் குழந்தையாக ஞானஸ்நானம் பெற்றவர். கணவரை அந்தக் கோயில் சவக்காலையில்தான் அடக்கம் செய்தார்கள். பிறகு மார்பில் கட்டி வந்தது. ஆஸ்பத்திரி, மருந்து என்று அலைந்து களைத்த நேரம் யாரோ ஒரு ஜெபக்கூடத்துக்குக் கூட்டிப்போனார்கள். சுகம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் அங்கே முழுக்கு எடுத்தார். சுகம் கிடைக்கவில்லை. இறந்தவரை எடுக்க நானும் என் டிரைவர் செல்லையாவும் போனோம். மகள் ஜெனிட்டா கொழும்பில் கார்மெண்டில் வேலை செய்கிற பெண். அம்மாவை அப்பாவுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும், அது ஒன்றுதான் அந்தப் பிள்ளை கேட்டது.

கல் கோயில் சவக்காலைக் கேட்டில் பூட்டு. செயலாளர் குடையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நின்றார். ஞானம்மா இரண்டாம் முறை முழுக்கு எடுத்தபோதே முதல் ஞானஸ்நானத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டார், கமிட்டி இதைப் பேசி முடிவெடுத்துவிட்டது என்றார். ஜெனிட்டா கேட்டுக் கம்பி வழியே அப்பாவின் குழியைக் காட்டினாள். அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஜெபக்கூடத்துப் பாஸ்டருக்கு ஃபோன் அடித்தோம். தங்களுக்குச் சவக்காலை கிடையாது, மேலிடத்தில் பேசிப் பார்க்கிறேன் என்றார். அதற்குப் பிறகு அந்த ஃபோன் வேலை செய்யவில்லை.

வண்டியைத் தோட்டத்துப் பொது மயானத்துக்குத் திருப்பினோம். அங்கே சாதி மதம் பார்க்காமல் எல்லோரையும் புதைத்த காலம் எனக்கே நினைவிருக்கிறது. கோயில் கும்பாபிஷேகத்துக்குப் பிறகு வளைவு கட்டி, சைவ மயானம் என்று எழுதி, கேட்டும் போட்டிருந்தார்கள். கோயில் கமிட்டியிலேயே இரண்டு கட்சி. ஆடு வெட்டுகிற பழைய கட்சி, வெட்டக்கூடாது என்கிற புதுக் கட்சி. பழைய கட்சி, பாவம், வைக்கட்டும் என்றது. அவர்கள் சம்மதித்த ஒரே காரணத்துக்காகப் புதுக் கட்சி முடியாது என்றது. இரண்டு கட்சியும் கேட்டடியில் நின்று ஆட்டைப் பற்றிச் சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள். ஞானம்மா வண்டிக்குள் கிடந்தார். பக்கத்துத் தோட்டத்தில் கேட்டுப் பார்க்கப் போய், அங்கேயும் ஒரு கேட், அங்கேயும் ஒரு தலையாட்டல். செல்லையா மழையில் அந்த மண் ரோட்டில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார். ஜெனிட்டா கேட்பதை நிறுத்திவிட்டாள். பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தாள்.

கொழுந்து நிறுக்கப் போய்க்கொண்டிருந்த பெண்கள் வண்டியைக் கண்டு நின்றார்கள். அவர்களுடைய கங்காணி செவனம்மா என்று ஒரு பெண். கழுத்தில் கறுப்புக் கயிறு, நெற்றி நிறையத் திருநீறு. ஏன் வண்டி இப்படிச் சுற்றுகிறது என்று கேட்டார். செல்லையா சொன்னார். செவனம்மா கொழுந்துச் சாக்கைக் கீழே வைத்தார். பின்னால் நின்ற பெண்களும் வைத்தார்கள். பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டு மானாப்புல் போட்டிருந்த ஒரு சரிவைக் காட்டி, இங்கே இறக்குங்கள் என்றார். ஆம்பிளைகளைக் கூப்பிட ஆள் போயிற்று. மம்பட்டி வந்தது. மலை வேலைக்கு மேற்பார்வையான கண்டாக்கு மோட்டார் சைக்கிளில் வந்து, தோட்டத்துக் காணியில் தொரையைக் கேட்காமல் குழி வெட்டுவதா என்று அதட்டினார். தொரைக்கு ஃபோன் பண்ணுங்கள், நாங்கள் வெட்டிக்கொண்டிருக்கிறோம் என்றார் செவனம்மா. கண்டாக்கு மழையைப் பார்த்தார், வரிசையாக நின்ற பெண்களைப் பார்த்தார். கீழ் மலையில் தனக்கு வேலை இருப்பது அவருக்கு அப்போது நினைவுக்கு வந்தது.

ஜெபம் பண்ண ஆள் இல்லை. ஜெனிட்டா தனக்குத் தெரிந்த ஜெபத்தைப் பாதி சொல்லி உடைந்துபோனாள். மீதியைப் பெண்கள் தங்களுக்குத் தெரிந்த ஒப்பாரியால் முடித்தார்கள். மண்ணைத் தள்ளி மேடு தட்டிக்கொண்டிருக்கும்போது ஜெபக்கூடத்துப் பாஸ்டர் ஒரு சிறிய சிலுவையோடு வந்து சேர்ந்தார். எங்கள் சபை அங்கத்தவர், ஒரு வார்த்தை பேச வேண்டும் என்றார். எங்கிருந்து மோப்பம் பிடித்தாரோ, கல் கோயில் செயலாளரும் குடையோடு வந்துவிட்டார். பிறந்தது எங்கள் சபையில், அதனால் இன்னொரு சபையின் சிலுவையை நட விடமாட்டேன் என்றார். இருவரும் குழி மேட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று வசனம் சொல்லிக்கொண்டார்கள். ஒருவரையாவது அந்தச் சரிவில் உருட்டிவிட்டிருப்பேன். செல்லையா என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

செவனம்மா கால் மண்ணைப் புல்லில் துடைத்துவிட்டு இருவருக்கும் நடுவில் வந்து நின்றார். தேயிலையில் ஒருவருக்கு இன்ன வரிசை என்று பிரித்துக் கொடுப்பதை நெரை என்பார்கள். ஞானம்மா நோயில் விழும் வரைக்கும் அவருக்கு அடுத்த நெரை, அப்போது கங்காணி ஆகாத செவனம்மாவுக்குத்தான். அதை எனக்குப் பிறகு செல்லையா சொன்னார். அந்த நேரம் செவனம்மா சொன்னது இவ்வளவுதான்:

"எந்த சபைன்னு எங்களுக்குத் தெரியாதுங்க. எங்க பக்கத்து நெரையில கொழுந்து எடுத்தவ. அது போதும், நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க."

இத்தனை காலத்தில் நான் அனுப்பிவைத்தவர்களில் ஒருவர்கூடத் திரும்பி வந்து இடம் மாறிப் போய்விட்டதாக முறைப்பாடு சொன்னதில்லை, அனுப்பிவைக்க வந்தவர்களில் முறைப்பாடு இல்லாத ஒரு பாஸ்டரையோ கமிட்டிக்காரரையோ நான் இன்னும் பார்த்ததுமில்லை.